கட்டைவிரலுக்குத் தனி வேலை கொடுங்கள், டீச்சர்

கேள்வி: எனக்கு 58 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்லூரி விடுதியில் தோழி சொல்லிக்கொடுத்த கார்டுகளை (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடிகளை) வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேலாக ஞாயிறு பள்ளியிலும் ஆலயப் பாடகர் குழுவிலும் கிட்டார் வாசிக்கிறேன். எல்லாம் பிக் என்ற சிறு தகட்டைப் பிடித்துக் கம்பிகளை ஒரே வீச்சில் அடிக்கிற ஸ்டிரம்மிங்தான். பாடுகிறவர் இல்லாமல் கிட்டாரிலேயே முழுப் பாட்டும் கேட்கிற மாதிரி விரலால் வாசிக்க ஆசை. நான்கு மாதமாக ஒரு பழைய சினிமாப் பாட்டின் டேப்பை (எந்தக் கம்பியை எங்கே அழுத்துவது என்று எண்ணால் காட்டும் குறிப்பை) யூடியூபில் பார்த்து முயல்கிறேன். எட்டு பார் (தாளச் சுற்று) தாண்டவில்லை. கட்டைவிரல் ஓடினால் மற்ற விரல்கள் நின்றுவிடுகின்றன. வலது மணிக்கட்டு கடுக்கிறது. நகம் வளர்க்க வேண்டுமா? நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன், வாங்கலாமா? சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த வயதில் இது வருமா, வராதா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள டீச்சர்,

வரும். ஆனால் இந்த நான்கு மாதமாகப் போகிற வழியில் போனால் வராது. ஒளிக்காமல் சொல்லச் சொன்னதால் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சிக்கல் வயது இல்லை. ஸ்டிரம்மிங்கிலிருந்து விரலுக்கு மாறுகிறவர்கள் இருபத்தைந்து வயதிலும் இதே இடத்தில்தான் வந்து முட்டுகிறார்கள். விரலால் வாசிப்பது என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. யாரோ பாட, பின்னால் கார்டை ஒரே வீச்சில் அடிக்காமல் கம்பி கம்பியாகப் பிரித்து வாசிப்பது ஒன்று. பாடுகிறவர் வேலையையும் கிட்டாரே எடுத்துக்கொள்வது இன்னொன்று. கட்டைவிரலில் பேஸ் என்ற தாழ்ந்த சுரங்கள், நடுக்கம்பிகளில் கார்டு, மெல்லிய கம்பிகளில் மெட்டு, மூன்றும் ஒரே கையில். நீங்கள் முதல் வேலையைத் தொடாமலே இரண்டாவதில் இறங்கிவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவும் முடியாது. யூடியூபில் கண்ணில் படுவதெல்லாம் இரண்டாவது வகைதான், அதுதானே பார்க்க அழகு.

இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் கசப்பானது. ஒன்றுமே தெரியாமல் வருகிற பிள்ளைக்கு மெதுவாக வாசிக்க வெட்கம் கிடையாது. உங்களுக்குப் பாட்டு தெரியும், வேகம் தெரியும், கார்டு மாற்றம் தூக்கத்திலும் வரும். அதனால் விரல் தயாராகும் முன்பே காது பாட்டை முழு வேகத்தில் எதிர்பார்க்கிறது. நான்காவது பாரில் தடுக்கியதும் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறீர்கள், இல்லையா? முதல் மூன்று பார் நன்றாக மெருகேறுகிறது. தடுக்குகிற இடம் தடுக்கிக்கொண்டே இருக்கிறது.

முப்பது வருஷமாக உங்கள் வலது கை ஒரே துண்டாக உழைத்திருக்கிறது. முழங்கையிலிருந்து ஒரு வீச்சு, கீழே, மேலே. கம்பியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் கை ஆடிக்கொண்டே இருக்கும், தாளம் அந்த ஆட்டத்தில்தான் இருந்தது. இப்போது கையை நிறுத்தி விரலை மட்டும் அசை என்றால் தாளம் எங்கே போய் உட்காரும்? மணிக்கட்டு கடுப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். வீச விரும்புகிற கையை விறைப்பாகப் பிடித்து நிறுத்துகிறீர்கள், அல்லது ஒவ்வொரு கம்பிக்கும் மணிக்கட்டைச் சேர்த்துத் தூக்குகிறீர்கள். விரல் அசைய வேண்டிய இடம் உள்ளங்கையோடு சேரும் பெரிய கணு. முன்கையின் எடை கிட்டாரின் விளிம்பில் சாய்ந்து கிடக்கட்டும். குனிந்து பார்த்தால் கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரலைவிட ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பக்கமாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிக் பிடித்த பழக்கத்தில் அது உள்ளே மடங்கி, ஆள்காட்டி விரலோடு மோதிக்கொண்டிருக்கும். உங்கள் எட்டு பாரில் பாதிக் குழப்பம் அந்த மோதலாகவே இருக்கலாம்.

தாளத்துக்குப் புது இடம் கட்டைவிரல். ஆகவே முதல் இரண்டு மூன்று வாரம் அது மட்டும்தான்.

சி கார்டைப் பிடியுங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வையுங்கள் (போனில் இலவசமாகக் கிடைக்கும்). ஒரு தட்டுக்கு ஒரு கம்பி (மிக மெல்லியது முதல் கம்பி, மிகத் தடித்தது ஆறாவது), கட்டைவிரலால் ஐந்தாவது, நான்காவது, ஐந்தாவது, நான்காவது. ஜி வந்தால் ஆறு, நான்கு. ஏ மைனருக்கு மறுபடி ஐந்து, நான்கு. டி மைனருக்கு நான்கு, மூன்று. மற்ற விரல்கள் சும்மா கம்பி மேல் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும், தெரியும். அலுத்த பிறகுதான் சோதனை. கட்டைவிரலை நிறுத்தாமல் சத்தமாகப் பேசுங்கள். நீங்கள் டீச்சர், வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் கூப்பிடுங்கள். பெயருக்குப் பெயர் நீளம் மாறும், தாளத்தோடு ஒட்டாது. பெயர் வரும்போது கட்டைவிரல் தயங்கினால் அது இன்னும் உங்கள் கவனத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கூப்பிட்டு முடிக்கும் வரை ஆடாமல் நடந்தால் அடுத்ததுக்குப் போகலாம்.

இதே வாரங்களில் இடது கையையும் ஒரு தடவை விசாரியுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே சி கார்டைப் பிடித்து, ஐந்தாவது கம்பியிலிருந்து முதல் கம்பி வரை ஒவ்வொன்றாக மீட்டுங்கள். முதல் கம்பி 'டொக்' என்று செத்துப்போய்க் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டாவது கம்பியில் நிற்கும் ஆள்காட்டி விரலின் கீழ்ப்பக்கம் முதல் கம்பியில் உரசிக்கொண்டிருக்கும். ஸ்டிரம்மிங்கில் எல்லாக் கம்பியும் ஒரே வீச்சில் போவதால் ஒன்று ஊமையாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது, உங்களுக்கும்தான். விரலால் மெட்டு வாசிக்கும்போது மெட்டே அந்தக் கம்பியில்தான் வரும். விரலை நுனியில் நிறுத்துங்கள், முழங்கையை உடம்பிலிருந்து அரை அங்குலம் வெளியே தள்ளினால் போதும், விரல் தானாக நிமிரும். எஃப் கார்டுக்கு ஒரு நல்ல சேதி. ஆறு கம்பியையும் அழுத்தி அல்லாட வேண்டாம். வாசிக்கிற நான்கு கம்பி ஒலித்தால் போதும்.

பிறகு, பாடுபவருக்குப் பின்னால் வாசிக்கும் முதல் வேலை. இது உங்களுக்கு நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் வரும். கட்டைவிரலுக்கு ஆறு, ஐந்து, நான்கு கம்பிகள். ஆள்காட்டிக்கு மூன்றாவது, நடுவிரலுக்கு இரண்டாவது, மோதிர விரலுக்கு முதல் கம்பி. சுண்டுவிரலுக்கு விடுமுறை. சில டேப்புகளில் இவற்றைப் பி, ஐ, எம், ஏ என்று குறித்திருப்பார்கள், ஸ்பானிஷ் பெயர்களின் முதலெழுத்து. சிக்ஸ் எய்ட் நடையில் பி, ஐ, எம், ஏ, எம், ஐ என்று போய்த் திரும்புங்கள். ஒரு சுற்றுக்கு ஆறு அடி. உங்கள் பாடகர் குழுவில் மெதுவான சிக்ஸ் எய்ட் பாட்டுக்குப் பஞ்சமே இருக்காது. வீட்டில் ஒரு மாதம் பழகிவிட்டு, ஒரு ஞாயிறு ஒரே ஒரு பாட்டின் முதல் சரணத்துக்கு மட்டும் பிக்கைக் கீழே வைத்துவிட்டு இதை வாசித்துப் பாருங்கள். மெட்டைப் பாடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் தடுமாறினாலும் பாட்டு நிற்காது. அடுத்த சரணத்தில் பிக் எடுத்துக்கொள்ளலாம்.

பிக்கை விட்டுவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் கேட்பார்கள். வேண்டாம். ஒரு கூட்டத்தைப் பாட வைத்துத் தாளம் ஓடாமல் பிடித்து நிறுத்துகிற திறமை தனியே உட்கார்ந்து விரல் பழகியவர்கள் பலரிடம் கிடையாது. அது உங்கள் சொத்து.

பயிற்சிக்கு என்ன புத்தகம் என்றால், 200 வருஷத்துக்கு முந்தைய ஒன்றைத்தான் சொல்வேன். இத்தாலிக்காரரான மௌரோ ஜூலியானி வியன்னாவில் இருந்தபோது 1812இல் வெளியிட்ட முதல் ஓபஸில் (எண்ணிட்ட படைப்பில்) வலது கைக்கு 120 பயிற்சிகள் இருக்கின்றன. இடது கைக்கு அவற்றில் மொத்தமே இரண்டு கார்டுதான், சி மேஜரும் ஜி செவனும். இரண்டும் நீங்கள் ஞாயிறு பள்ளியில் ஆயிரம் தடவை பிடித்தவை. இடது கையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முழுக் கவனமும் வலது கைக்கு. உங்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 120ஐயும் முடிக்கப் போகிறேன் என்று மட்டும் சபதம் எடுக்காதீர்கள். முதல் பத்துப் பதினைந்தே ஒரு பருவத்துக்குத் தாங்கும்.

இப்போது உங்கள் கனவுக்கு வருவோம், கிட்டாரே பாடுவது.

கட்டைவிரல் பதிவேடு சோதனையில் தேறிய பிறகு, அதன் மேல் ஒரே ஒரு சுரத்தை ஏற்றுங்கள். முதல் தட்டில் கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றாக, கிள்ளுவது மாதிரி. மற்ற மூன்று தட்டும் கட்டைவிரல் மட்டும். இது எல்லோருக்கும் வரும். அடுத்துத்தான் வழுக்குகிற இடம். இரண்டு தட்டுக்கு நடுவில், கட்டைவிரல் சும்மா இருக்கும் அந்த இடைவெளியில், ஆள்காட்டி விரல் ஒரு கம்பியைத் தொட வேண்டும். தொட்டதும் கட்டைவிரல் அதன் பின்னால் ஓடிவிடும், அல்லது மலைத்து நின்றுவிடும். நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பது அப்படியே இதுதான். வாய்விட்டு 'ஒண்ணு, ரெண்டும், மூணும், நாலு' என்று சொல்லிக்கொண்டு வாசியுங்கள். எண்ணில் கட்டைவிரல், 'உம்' வரும் இடத்தில் ஆள்காட்டி. வேகத்தை 50க்கும் கீழே இறக்க வேண்டியிருந்தால் இறக்குங்கள். இந்த ஒரு பார் தானாக ஓட மூன்று வாரம் பிடித்தாலும் பிடிக்கும். அதுவரை பாட்டைத் தொட வேண்டாம்.

நான்கு விரலும் வேண்டுமே என்று கலங்கவும் வேண்டாம். அமெரிக்காவின் கென்டக்கியிலிருந்து வந்த மெர்ல் டிராவிஸ், இந்த ஓடும் பேஸ் பாணிக்கே அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள், பெரும்பாலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்து வாசித்தவர். பின்னாளில் பெரிய கிட்டார் கலைஞரான செட் அட்கின்ஸ் சிறுவயதில் அவரை வானொலியில் கேட்டார். கையைப் பார்க்க வழியில்லை. இரண்டு விரலில் இவ்வளவு வராது என்று முடிவு கட்டி, கட்டைவிரலோடு இன்னும் விரல்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார். இருவருமே வரலாற்றில் நிற்கிறார்கள். உங்கள் மோதிர விரல் சோம்பேறியாக இருந்தால் இப்போதைக்கு அதை விட்டுவிட்டு மூன்றை வைத்து ஓட்டுங்கள்.

ஆலயத்தில் வாசிப்பவர் என்பதால் இன்னொருவரையும் சொல்லத் தோன்றுகிறது. வடக்குக் கரோலைனாவின் எலிசபெத் காட்டன் இடதுகைக்காரர். கம்பியை மாற்றாமல் கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து, விரலால் பேஸும் கட்டைவிரலால் மெட்டும் வாசித்தார். இளவயதில், இது உலகப்பிரகாரமான பாட்டு என்று சபையார் சொன்னதால் கிட்டாரை விட்டுவிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து, ஒரு இசைக் குடும்பத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, அறுபது வயதை ஒட்டி மறுபடி எடுத்தார். முதல் இசைத்தட்டு 1958இல் வந்தது, தொண்ணூறு வயதையொட்டிக் கிராமி விருதும் வந்தது. அவர் சிறுவயதில் கற்றதைத்தான் மீட்டார், நீங்கள் புதிதாகக் கற்கிறீர்கள், ஆகவே வயதுக்கு இதைச் சான்றாகக் காட்டமாட்டேன். அவர் கை எந்தப் புத்தகத்திலும் இல்லாத மாதிரி அமைந்திருந்தது, அதற்காகத்தான் சொல்கிறேன். யூடியூபில் வருகிற பையனின் கையைப் போலவே உங்கள் கையும் இருக்க வேண்டியதில்லை.

முதல் பாட்டுக்கு அந்தச் சினிமாப் பாட்டு வேண்டாம், பத்திரமாக எடுத்து வையுங்கள். ஞாயிறு பள்ளிக் குழந்தைப் பாட்டு ஒன்றை எடுங்கள். மூன்று கார்டு, சி மேஜரில், மெட்டு முதல் மூன்று கம்பிக்குள் அடங்குவதாக. முதலில் மெட்டை மட்டும் தனியே வாசித்து மனப்பாடம் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு பாரின் முதல் தட்டில் மட்டும் கட்டைவிரல். பிறகு இரண்டு தட்டில். கடைசியாகத்தான் முழு ஓட்டம். மெட்டு மற்றதைவிட உரக்கக் கேட்க வேண்டும், ஸ்டிரம்மிங் கைக்கு இது புதுசு, எல்லாக் கம்பியையும் சமமாக அடித்தே பழகியிருக்கும்.

ஆலயத்தில் பாடும் பாமாலைப் பாட்டுகள் மெட்டுக்கு எளிது, ஆனால் நாலு குரல் அமைப்பில் அசைக்கு அசை கார்டு மாறும். பாருக்கு ஒரு கார்டு என்று குறைத்துக்கொண்டால் வாசிக்கலாம். உங்கள் ஊரில் பிறந்து தஞ்சாவூரில் பாடிய வேதநாயக சாஸ்திரியாரின் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் அப்படியில்லை. அவை ராகத்தில் அமைந்தவை, கமகம் கேட்கும். ஃபிரெட் வைத்த கம்பியில் சுரத்தை நேராக நிறுத்தினால் பாட்டு மொட்டையாக நிற்கும். அதற்குக் கம்பியை இழுக்கவும் வழுக்கவும் தெரிய வேண்டும், இன்னும் ஒரு வருஷம் போகட்டும்.

டேப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இடது விரல் எங்கே என்று அது சொல்லும். வலது கையில் எந்த விரல் என்று பல டேப்புகள் சொல்வதில்லை. நீங்களே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு தடவை எழுதியதை நாளுக்கு நாள் மாற்றாதீர்கள்.

கிட்டார் விஷயத்தில் மகன் கொஞ்சம் பொறுக்கட்டும். கிளாசிக்கல் கிட்டாரில் கம்பி மென்மைதான், ஆனால் கழுத்து அகலம். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தாங்கி நிற்கும் நட்டில் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் இருக்கும். உங்களிடம் இருப்பது சாதாரண ஸ்டீல் கிட்டார் என்றால் 43தான். முப்பது வருஷம் ஒரு கழுத்தில் பழகிய இடது கையை வலது கை குழம்பியிருக்கும் இந்த நேரத்தில் சேர்த்துக் குழப்புவானேன்? அந்தப் பணத்தில் சிறு பங்கை இருக்கிற கிட்டாரைச் சரிபார்க்கச் செலவிடுங்கள். 12ஆவது ஃபிரெட்டின் மேல், ஃபிரெட்டுக்கும் தடித்த கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து பாருங்கள் (ஸ்கேலின் ஓரத்தில் பூஜ்யத்துக்கு முன்னால் விட்டிருக்கிற இடத்தை மறக்காதீர்கள், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை). இரண்டரை மில்லிமீட்டர் என்றால் வசதி. மூன்றைத் தாண்டியிருந்தால் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். கம்பியும் 12இல் (மிக மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு) தொடங்கும் செட்டாக இருக்கும். அடுத்த தடவை 11 அல்லது 10இல் தொடங்கும் செட் கேட்டு வாங்குங்கள். அதுவரை இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டுப் பழகினாலே இடது கைக்கு நோவு குறையும். மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரிடமாவது கிளாசிக்கல் கிட்டார் வாங்கி அதில் ஸ்டீல் கம்பி மட்டும் மாட்டிவிடாதீர்கள். இழுவிசையில் கம்பி கட்டியிருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

நகம். இந்தச் சண்டை தீராது. பாரிஸில் நண்பர்களாக இருந்து சேர்ந்து வாசித்த பழைய ஸ்பானிஷ் கிட்டார் மேதைகள் பெர்னாண்டோ சோரும் டியோனிசியோ அகுவாடோவும் இதில் ஒத்துப்போகவில்லை. சோர் சதையால், அகுவாடோ நகத்தால். உங்களுக்கு இப்போது சதையே போதும். வீட்டு வேலையில் நகம் நிற்காது, ஸ்டீல் கம்பி அதை இன்னும் தேய்க்கும். ஒலி மங்கலாக இருக்கிறது என்று ஒரு வருஷம் கழித்தும் தோன்றினால், வலது கையில் மட்டும், சதையைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் விட்டுப் பாருங்கள்.

சர்க்கரை விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மணிக்கட்டுக் கடுப்பு நான் சொன்ன மாதிரி கையைத் தளர்த்தியதும் சில நாளில் குறைந்தால் கவலையில்லை. ஆனால் இரவில் கை மரத்துப்போவது, விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, காலையில் விரல் மடங்கி மாட்டிக்கொண்டு 'டக்' என்று விடுபடுவது, இவற்றில் ஏதாவது இருந்தால் கிட்டாரை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். கார்ப்பல் டனல், டிரிகர் ஃபிங்கர் என்று அவர்கள் சொல்லும் இரண்டும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருபவை, ஆரம்பத்தில் காட்டினால் சுலபமாகச் சரிசெய்யலாம். இடது விரல் நுனியில் உணர்ச்சி குறைந்திருந்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. தினமும் விரலைப் பாருங்கள், தோல் கிழிந்திருந்தால் ஆறும் வரை வாசிக்க வேண்டாம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல், காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம்.

கணக்குக் கேட்டால், மற்ற விரல் என்ன செய்தாலும் கட்டைவிரல் தன் பாட்டில் ஓட மூன்று மாதம், அந்தக் குழந்தைப் பாட்டு வீட்டில் நாலு பேர் முன்னால் வாசிக்கிற அளவுக்கு இன்னொரு மூன்று மாதம். சினிமாப் பாட்டை அடுத்த வருஷம் எடுங்கள்.

மகனுக்குப் பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால், பக்கத்தில் கிளாசிக்கல் கிட்டார் கற்பிக்கிறவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். நாலைந்து வகுப்பு, வலது கையை மட்டும் பார்த்துத் திருத்த. ஆன்லைன் என்றால் கேமரா முகத்தைக் காட்டக் கூடாது, உங்கள் வலது கையைப் பக்கவாட்டிலிருந்து காட்ட வேண்டும். முதல் வகுப்பிலேயே லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைக் கிரேடுப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கச் சொல்வார்கள். முப்பது வருஷம் பரீட்சை வைத்தவள், இனி எழுத மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.